விமானம் இறங்காத முகூர்த்தம்

தாணு பிள்ளை தன் மகள் நாகலக்ஷ்மியின் கல்யாணத்துக்கு ஊரையே அழைத்திருந்தார். செத்துப்போன அக்காளின் பிள்ளைகள் இரண்டு பேரைத் தவிர.

அதற்குக் காரணம் மாப்பிள்ளைதான். இதே வேலாயுதன் ஆறு வருஷத்துக்கு முன்னால் அந்த அக்காள் மகள் சொர்ணம்மாளைக் கட்டிக்கொள்ள நாகர்கோவிலிலிருந்து வந்து பந்தலில் உட்கார்ந்தவன். தாலி எடுக்கிற நேரத்தில் தாணு பிள்ளை அவனுடைய அப்பாவைத் தனியே கூப்பிட்டார். பெண்ணுக்குக் காச நோய், மறைத்துக் கட்டிவைக்கிறார்கள், பாவத்துக்கு நான் உடந்தையாக மாட்டேன் என்றார். சொன்னது தாய்மாமன். அதற்கு மேல் யார் விசாரிப்பார்கள்? மாப்பிள்ளை வீட்டார் இலையில்கூட உட்காராமல் வண்டி ஏறினார்கள். அந்த ஏக்கத்திலேயே சொர்ணத்தின் அம்மா போய்ச் சேர்ந்தாள்.

சொர்ணத்துக்கு ஒரு இருமல்கூட வந்ததில்லை. ஆனால் அதன் பிறகு அவளைக் கேட்டு ஒருத்தரும் வரவில்லை. கரமனைத் தெருவில் யார் வீட்டுக்குப் போனாலும் அவளுக்கென்று தனித் தம்ளர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை கிடைத்தது ஒரு பெரிய விடுதலை. அங்கே அவள் வெறும் குரல். குரலைக் கண்டு யாரும் மூக்கைப் பொத்திக்கொள்வதில்லை.

அந்த எக்ஸ்சேஞ்சில்தான், போன வாரம், மெட்ராசில் உத்தியோகத்தில் இருந்த வேலாயுதனுக்கு டிரங்க் கால் கேட்ட தாணு பிள்ளைக்கு அவளே தன் கையால் இணைப்புக் கொடுத்தாள். அக்காள் மகளின் குரல் அவருக்குத் தெரியவில்லை.

"மாப்பிள்ளே, ரயில்ல வரப்பிடாது கேட்டேளா? கல்யாணத்தன்னைக்குக் காலையில ஆகாசத்துலேருந்து எறங்கணும். நான் போட்ட ரன்வேயில எறங்கணும். ஊரு பாக்கணும்!"

மறுமுனையில் வேலாயுதன் சிரித்த சிரிப்பையும் அவள் கேட்டாள்.

கல்யாண நாள் விடிந்தது.

"லேய் தங்கப்பா, கேட்டதுக்குப் பதில் சொல்லிட்டுப் போ."

சைக்கிளை வாசலுக்கு இறக்கிய தம்பி நின்றான். தங்கப்பன் சங்குமுகம் விமான நிலையத்தில் ஆபீசருக்கு அடுத்தபடி உதவியாளன். யுத்தம் முடிந்த மறு வருஷம் அது. பெரிய விமானம் இறங்குவதற்காக ஓடுபாதையைக் கடல் பக்கமாக நீட்டியிருந்தார்கள். மெட்ராசிலிருந்து வாரம் இரண்டு முறை விமானம் வர ஆரம்பித்து ஒரு மாதம் ஆகியிருந்தது. நீட்டுகிற குத்தகையை எடுத்தவர் தாணு பிள்ளை.

"என்னத்தக் கேட்ட?" என்றான், தெரியாதவன் போல.

"அந்தச் செவப்புத் துணி. அத விரிச்சாப் பிளேன் எறங்காதுன்னு நீதானே சொன்ன?"

சொன்னது உண்மைதான். மஞ்சள் பட்டை இரண்டு குறுக்கே ஓடும் பெரிய சிவப்புச் சதுரத் துணி. அது தரையில் விரிந்திருந்தால் எந்த பைலட்டும் இறங்கமாட்டான். நிலையத்தின் வயர்லெஸ் கருவி பழுதாகி ரிப்பேருக்குப் போயிருந்ததால், அந்த வாரம் விமானத்தோடு பேச அந்தத் துணியும் ஒரு வாணத் துப்பாக்கியும்தான் இருந்தன.

"பூமி சரியில்லேன்னாத்தான் விரிக்கணும் அக்கா. வெறுதே விரிச்சா எனக்க ஜோலி போவும்."

"காரணத்துக்கு நான் நிக்கேன்லா உனக்க முன்னால?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"முகூர்த்தம் உச்சிக்கு முன்னால. பிளேன் திரும்பிப் போச்சுன்னா பந்தல்ல மாமா தனியா நிக்கட்டும். நான் நின்னேன்லா, அப்படி. ஒரு நாள். ஒரே ஒரு நாள் போதும் எனக்கு."

"என்னால முடியாது அக்கா."

"உனக்கு ரோசம் இல்ல. அம்ம செத்ததுகூட மறந்துபோச்சு."

அவன் சைக்கிளில் ஏறிப் போனான். தெருமுனையில் திரும்பிப் பார்த்தபோது அக்காள் அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

விமான நிலையத்தில் ஆபீசர் ஸ்ரீனிவாசன் பஞ்சகச்சத்தோடு ஜட்காவில் ஏறிக்கொண்டிருந்தார்.

"தங்கப்பா, அப்பாவுக்கு இன்னிக்கு சிரார்த்தம். ஸ்ரீவராகம் போயிட்டு மத்தியானம் வந்துடறேன். ஒரு பிளேன் வரப்போறது, எறங்கப்போறது, அவ்வளவுதானே? பாத்துக்கோ."

"நான் பாத்துக்கிடுகேன் சார்."

அவர் போனதும் அவன் வழக்கம்போல ஓடுபாதையைச் சுற்றிப்பார்க்கப் புறப்பட்டான். ஒரு வாரமாக ஆவணி மழை விடாமல் கொட்டி, அன்றைக்குத்தான் வெயில் அடித்தது. பழைய பாதை கல்லுப்போல் இருந்தது. புதிதாக நீட்டிய இடத்துக்கு வந்ததும் காலடியில் ஏதோ வித்தியாசம். நின்றான். ஓங்கி ஒரு மிதி மிதித்தான். தார் போட்ட தரை, மெத்தையைப் போல அமுங்கி எழுந்தது. ஓரத்து வெடிப்பில் தண்ணீர் கசிந்தது.

அந்த இடத்தில் முன்பு ஒரு குளம் இருந்தது. அதைக் கருங்கல் போட்டுத் தூர்த்துவிட்டதாகத் தாணு பிள்ளை எழுதிக்கொடுத்திருந்தார். தங்கப்பன் ஓடிப்போய் ஒரு கம்பியைக் கொண்டுவந்து வெடிப்பில் குத்தினான். தடையில்லாமல் இறங்கியது. இழுத்தபோது நுனியில் அழுகின தொண்டு, தேங்காயின் நார் மட்டை, சிக்கிக்கொண்டு வந்தது. தொண்டும் ஓலையும் கடற்கரை மணலும் போட்டு மூடி, மேலே தாரைப் பூசியிருக்கிறார்கள்!

பழைய பாதை மட்டும் அந்தப் பெரிய விமானத்துக்குப் போதாது. எப்படி இறங்கினாலும் ஓடி முடிக்கிற இடம் இதுதான். சக்கரம் இதில் புதைந்தால் மூக்குக் குத்திக் கவிழும். உள்ளே பெட்ரோல், இருபது பேர்.

நிலையத்து அறைக்கு ஓடிவந்தான். அங்கே அக்காள் நின்றிருந்தாள். பஸ் பிடித்து வந்திருந்தாள். கம்பி வேலிக்கு அப்பால் தாணு பிள்ளையின் கூட்டம் கூட ஆரம்பித்திருந்தது. மாப்பிள்ளையை இறங்கின இடத்திலேயே மாலை போட்டு அழைக்க நாதசுரமும் தவிலும் வந்திருந்தன. புதுப் பட்டு மேல்துண்டில் தாணு பிள்ளை அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தார்.

"அக்கா, துணிய எடு! விரிக்கணும்!"

சொர்ணத்தின் முகம் மலர்ந்தது. "வந்துதா லே ரோசம்?"

"ரோசமும் இல்ல, மண்ணும் இல்ல. மாமா குளத்துல தொண்டப் போட்டு மூடியிருக்காரு. பிளேன் எறங்கினா கவுந்திரும்."

அவள் மூலையில் மடித்து வைத்திருந்த சிவப்புத் துணியைப் பார்த்தாள். பிறகு வேலிக்கு அப்பால் தெரிந்த பட்டு மேல்துண்டைப் பார்த்தாள். மெல்ல நடந்துபோய்த் துணியின்மேல் ஏறி நின்றாள்.

"அப்போ விரிக்காத."

"அக்கா?"

"நீ ஒண்ணும் செய்யாண்டாம். தப்பா ஒண்ணும் செய்யாண்டாம். சும்மா இரு. அவரு போட்ட பூமி. அவருக்க மருமவன் எறங்கட்டும்."

"அதுல வேற ஆளுவளும் இருக்கு!"

"எனக்க கல்யாணத்தன்னைக்கும் பந்தல் நெறைய ஆளுவ இருந்தது. ஒருத்தராவது வாயத் தொறந்தாங்களா?"

வானத்தில் எங்கோ ஒரு இரைச்சல் கேட்டது. வேலிப் பக்கம் ஜனங்கள் கை நீட்டிக் கூவினார்கள். தவில்காரன் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்துக்கொண்டான்.

தங்கப்பன் துணியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தான். அவள் அசையவில்லை. சின்ன வயசில் அவனைத் தூக்கி வளர்த்தவள். அவளைப் பிடித்துத் தள்ள அவனுக்குக் கை வரவில்லை. இரைச்சல் நெருங்கியது.

"அக்கா, நான் சொல்லதக் கேளு. பிளேன் கவுந்தா மாமாவுக்கு ஒண்ணும் வராது. பைலட் செத்திருவான். செத்தவன் தப்புன்னு சொல்லிருவாரு. ஊரும் அவருக்க கூட உக்காந்து அழும். மருமவனப் பறிகுடுத்த மனுஷன்னு சொல்லும். அதான் வேணுமா உனக்கு? எறங்காமத் திரும்பிப் போனாத்தான் எதனாலன்னு கேள்வி வரும். பூமியத் தோண்டிப் பாப்பாங்க."

சொர்ணம் துணியை விட்டு இறங்கினாள்.

அவளை இறக்கியது தான் சொன்ன நியாயமா, மாமனை ஊர் அனுதாபத்தோடு பார்க்கும் என்ற நினைப்பா, இல்லை வேறு ஏதாவதா என்று தங்கப்பனுக்குப் பிறகும் தெரியவில்லை. இறங்கியவள் துணியின் மறுமுனையைத் தானே தூக்கினாள். இருவரும் வெயிலில் ஓடினார்கள். புல்தரையில் சிவப்புச் சதுரம் விரிந்தது. அவள் நான்கு மூலையிலும் கல் வைத்தாள்.

விமானம் கடலின்மேல் வளைந்து தாழ்ந்து வந்தது. நாதசுரம் வெடித்துக் கிளம்பியது. தங்கப்பன் வாணத் துப்பாக்கியை உயர்த்திச் சுட்டான். சிவப்பு வெளிச்சம் ஒன்று சீறிக்கொண்டு மேலே போயிற்று.

சக்கரம் தரையைத் தொடப்போன விமானம் அலறிக்கொண்டு எழும்பியது. தலைக்கு மேலே ஒரு வட்டம் போட்டது. ஜன்னல்கள் வெயிலில் மின்னின. மறுபடி ஒரு வட்டம். பிறகு வடகிழக்கே திரும்பி, புள்ளியாகி, மறைந்தது.

நாதசுரம் பாதியில் நின்றது.

"லேய்!"

தாணு பிள்ளை வேலிக் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். மேல்துண்டு நழுவித் தரையில் இழுபட்டது. பின்னால் அவருடைய மேஸ்திரி யோசுவா ஓடிவந்தான்.

"எந்த நாயி லே துணிய விரிச்சது?"

"நான்தான் மாமா. கடலோரம் பூமி எளகிக் கெடக்கு. எறங்கப்பிடாது."

"நான் போட்ட பூமி லே அது! மலையக் கொண்டு வச்சாலும் தாங்கும்!" அப்போதுதான் அவர் சொர்ணத்தைப் பார்த்தார். முகம் கறுத்தது. "ஓகோ. நீயும் வந்திருக்கியா? அக்காளும் தம்பியுமாச் சேந்து எனக்க மகளுக்கத் தாலிய அறுக்க வந்திருக்கியளா?"

சொர்ணம் சொன்னாள்: "பூமி நல்லதுன்னா அதுமேல ஒமக்கக் காரை ஓட்டிக் காட்டும் மாமா. ஊரு நிக்குல்லா? பாக்கட்டும்."

குரலை அவள் உயர்த்தவில்லை. ஆனால் வேலி ஓரம் நின்றவர்கள் எல்லாரும் கேட்டார்கள். நாகர்கோவில் சம்பந்தி கேட்டார்.

"ஓட்டுகேன் பாரு!"

"மொதலாளி, வேண்டாம்! மொதலாளி!" யோசுவா கையைப் பிடித்தான். அவர் உதறிவிட்டு, மாவிலையும் பூச்சரமும் கட்டியிருந்த தன் பெரிய கறுப்புக் காரில் ஏறினார். டிரைவரைக் கீழே இறக்கிவிட்டு அவரே ஓட்டினார்.

பழைய பாதையில் கார் பறந்தது. புதுப் பாதைக்குள் நுழைந்தது. கொஞ்ச தூரம் ஒன்றும் ஆகவில்லை. அவர் கையை வெளியே நீட்டி ஆட்டினார். உடனே காரின் மூக்கு குனிந்தது. தார் அப்பளம்போல் நொறுங்கிற்று. முன்சக்கரங்கள் இரண்டும் புதைந்து, கார் பின்பக்கத்தைத் தூக்கிக்கொண்டு நின்றது. அதைச் சுற்றிக் கறுத்த தண்ணீர் குமிழியிட்டு எழும்பிற்று. அழுகின தொண்டுகள் ஒவ்வொன்றாக மேலே வந்து மிதந்தன.

சம்பந்தி மெல்லச் சொன்னார்: "அதுல எனக்க மவன் வரேண்டியதுல்லா?"

சொர்ணம் இந்த மாதிரி ஒரு காட்சியை எத்தனையோ முறை மனசுக்குள் ஓட்டிப் பார்த்திருக்கிறாள். அதில் எப்போதும் அவள் சிரிப்பாள். இன்றைக்குச் சிரிப்பு வரவில்லை. பசித்தவன் முதல் கவளத்தைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டு நின்றாள்.

காரிலிருந்து இறங்கி, முழங்கால்வரை சேற்றோடு தாணு பிள்ளை காரை வெளியே தள்ள வெகுநேரம் முயன்றுவிட்டுத் திரும்பி நடந்து வந்தபோது ஆபீசர் ஸ்ரீனிவாசனும் வந்துவிட்டார். விமானம் திரும்பியதுமே யாரோ சைக்கிளில் போய் அவரைச் சிரார்த்தத்தின் நடுவிலேயே அழைத்து வந்திருந்தார்கள்.

"என்ன ஓய் இது? கருங்கல் போட்டேன்னேள். தொண்டுன்னா மெதக்கறது!"

தாணு பிள்ளை அசைந்துகொடுக்கவில்லை. சேற்றுக் கையைத் தங்கப்பன் பக்கம் நீட்டினார்.

"இவன் வெட்டினது சார். நான் போட்ட கல்லத் தோண்டி எடுத்துட்டுத் தொண்டப் போட்டு வச்சிருக்கான். காவல் இருக்கது இவன்தானே? எங்களுக்குள்ள உள்ள பகை ஊருக்கே தெரியும். கேட்டுப் பாரும்."

கூட்டத்தில் சிலர் தலையாட்டினார்கள். பகை எல்லாருக்கும் தெரிந்ததுதானே!

ஸ்ரீனிவாசன் மேஸ்திரியைப் பார்த்தார். "யோசுவா, நீ சொல்லு. உள்ளே என்ன போட்டேள்?"

யோசுவா முதலாளியைப் பார்த்தான். பெண்சாதி, பிள்ளைகள், அடுத்த குத்தகை எல்லாம் அந்தப் பார்வையில் இருந்தன. தலையைக் குனிந்துகொண்டான்.

ஆபீசர் பெருமூச்சு விட்டார். "நாளைக்குக் காலம்பற சீப் எஞ்சினியர் வருவார். விசாரணை அவர் பண்ணட்டும். அதுவரைக்கும் தங்கப்பா, நீ சாவியக் குடுத்துட்டு ஆத்துக்குப் போ. எனக்கு வேற வழியில்லடா."

அக்காளும் தம்பியும் கரமனைக்கு வந்து சேர்ந்தார்கள். வீட்டுக்குள் நுழைந்ததும் தங்கப்பன் சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டான். அவன் வேலைக்கு உலை வைத்தது யார் என்று அவளுக்குத் தெரியும். காரை ஓட்டிக் காட்டும் என்று தூண்டிவிட்டதில் இப்போதும் அவளுக்கு வருத்தமில்லை. ஆனால் அடி அவர்மேல் விழுந்த கையோடு தம்பிமேலும் விழும் என்று அவள் நினைக்கவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்தில் கதவு தட்டப்பட்டது.

திறந்தாள். கூறைப்பட்டும் நெற்றிச்சுட்டியும் கலையாமல் நாகலக்ஷ்மி நின்றாள். முகூர்த்தம் தப்பிப் பந்தல் காலியாகி, பின்கட்டு வழியாக வந்திருந்தாள். வலியசாலையிலிருந்து கரமனைவரை கல்யாணப் பெண் ஒருத்தி நடந்து வந்ததைத் தெருவே பார்த்திருக்கும்.

"மைனி, உள்ள வரட்டா?"

சொர்ணத்துக்கு அவள்மேல் பிரியம் கிடையாது. தன் இடத்தில் உட்கார இருந்தவள். என்றாலும் வழிவிட்டாள்.

நாகலக்ஷ்மி தங்கப்பனைப் பார்த்தாள். "அத்தான், நேத்தைக்குச் சாயங்காலம் யோசுவா எங்க வீட்டுக்கு வந்தான். மழையில பூமி எளகிப்போச்சு மொதலாளி, பிளேன நிறுத்தச் சொல்லுங்கோன்னு கெஞ்சினான். நான் கதவுக்குப் பின்னால நின்னேன்."

தங்கப்பன் எழுந்து உட்கார்ந்தான். "மாமா என்ன சொன்னாரு?"

"ஒரு எறக்கம் தாங்குமான்னு கேட்டாரு. தெரியாதுன்னான். மாப்பிள்ள எறங்கட்டும், ஊரு பாக்கட்டும், மறுவாரம் கல்லப் போட்டுக்கிடலாம்னுட்டாரு." அவள் குரல் நடுங்கவில்லை. "எனக்குத் தாலி கெட்ட வாற ஆளு அதுல இருக்காருன்னு தெரியும்லா அப்பாவுக்கு? அவருக்கு மாப்பிள்ள பெரிசில்ல. நானும் பெரிசில்ல. அத நான் எஞ்சினியருக்க முன்னால சொல்லப்போறேன்."

சொர்ணம் அவளை உற்றுப் பார்த்தாள். அந்தக் கண்களில் இருந்தது என்ன என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். தினம் கண்ணாடியில் பார்க்கிறதுதான்.

தெருவில் ஒரு வண்டி வந்து நின்றது.

"சொர்ணம்!"

தாணு பிள்ளைதான். அவள் போய் வாசற்படியில் நின்றாள். அவர் கீழே தெருவில் நின்றார். சேற்று வேட்டியைக்கூட மாற்றவில்லை.

"எனக்க மவ உள்ள இருக்காளா?"

"இருக்கா."

"அனுப்பு அவள. பந்தல் பிரிக்கல்ல. வேலாயுதன் பிளேன் எறங்கின ஊருலேருந்து ரயில்ல வாறான், நாளைக்குக் காலையில வேற முகூர்த்தம் பாத்திருக்கு." பிறகு குரல் இறங்கிற்று. ஆறு வருஷமாக அவள் கேட்காத குரல். "மக்களே, நான் உனக்க அம்மைக்க தம்பி. என்னைத் தெருவுல நிறுத்தாத."

"தெருவுலதான் மாமா நிக்கணும். நின்னு ஒரு வார்த்த சொல்லும். அன்னைக்கு எனக்குச் சீக்குன்னு சொன்னேரே, அது உண்மையா?"

அவர் அக்கம்பக்கம் பார்த்தார். எதிர்வீட்டு ஜன்னல் திறந்திருந்தது.

"இப்போ என்னத்துக்கு அதெல்லாம்?"

"சொல்லும். நாகு உள்ளதான் இருக்கா."

அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார், "உனக்குச் சீக்கு ஒண்ணும் இல்ல."

"எனக்குக் கேக்கு. எதிர்வீட்டுக்குக் கேக்கல்ல."

"சொர்ணம்மைக்குச் சீக்கு ஒண்ணும் கெடையாது!" என்று தாணு பிள்ளை உரக்கக் கத்தினார். தொண்டை கிழிந்தது. "எனக்க மருமவளுக்கு ஒரு காலத்திலயும் சீக்கு இருந்ததில்ல! நான் சொன்னது பொய்யி! போதுமா?"

இன்னும் இரண்டு ஜன்னல்கள் திறந்தன. கதவுகள் திறந்தன. தனித் தம்ளரில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்த சரஸ்வதியம்மாள் கையில் விளக்கோடு வாசலுக்கே வந்துவிட்டாள்.

"போதும் மாமா" என்றாள் சொர்ணம்.

"அப்போ அனுப்பு அவள."

"அனுப்புதேன்னு நான் சொல்லல்லியே."

சொர்ணம் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள். வெளியே அவர் கதவை அடித்தார், வைதார், கடைசியில் மகளின் பெயரைச் சொல்லி அழுதார். வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்கும்வரை அவள் தாழ்ப்பாளிலிருந்து கையை எடுக்கவில்லை.

திரும்பியபோது நாகலக்ஷ்மி நெற்றிச்சுட்டியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். இவ்வளவு நேரம் நடுங்காதிருந்த குரல் இப்போது நடுங்கியது.

"மைனி, நாளைக்கு நான் உள்ளதச் சொன்னா அப்பாவ ஜெயில்ல போடுவாங்களா?"

தங்கப்பன் அக்காளைப் பார்த்தான். அக்காள் அடுப்படிக்குப் போய் மூன்று பேருக்கு அரிசி களைந்தாள்.